முடி கொட்டுகிறதா? தலையில் தடவும் மருந்தைப் பாதுகாப்பாகத் தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

மாலை நேரத்தில் யாராவது ஒருவர் செல்போனை நீட்டி, "அண்ணா, இந்த சீரம் இருக்கா?" என்று கேட்காத நாளே எங்கள் மெடிக்கலில் இல்லை. திரையில் ஒரு கண்ணாடி பாட்டில், ரப்பர் வைத்த டிராப்பர், பக்கத்தில் இடுப்பு வரை முடியோடு ஒரு பெண். போன மாதம் வந்த கல்லூரிப் பையனும் அப்படித்தான் கேட்டான். எப்போதிலிருந்து கொட்டுகிறது என்றேன். ஒரு மாசமா, கொத்துக் கொத்தா என்றான். அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் காய்ச்சல் ஏதும் வந்ததா என்றேன். நிமிர்ந்து பார்த்தான். "டெங்கு வந்து அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்தேண்ணா. அதுக்கும் இதுக்கும் என்ன?"

நிறைய இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன். பதினேழு வருடமாக மருந்தாளுநராகக் கவுன்டரில் நிற்கிறேன். முடி விஷயத்தில் கெட்ட மருந்தை வாங்கி ஏமாறுகிறவர்களைவிட, தனக்குச் சம்பந்தமே இல்லாத நல்ல மருந்தை வாங்கி ஏமாறுகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பாட்டில் நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன்னால், உங்களுக்குக் கொட்டுவது எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

படி 1: கொட்டிய முடியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

நம் தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளரும், பிறகு மூன்று மாதம் போல ஓய்வில் நிற்கும், அப்புறம் உதிரும். அதே குழியிலிருந்து புது முடி கிளம்பும். இந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. வாரம் ஒரு முறை மட்டும் தலைக்குக் குளிக்கிற பெண்களுக்கு, ஏழு நாள் உதிர்ந்து சிக்கிக் கிடந்ததெல்லாம் ஒரே நாளில் குளியலறை ஜல்லடையில் வந்து சேரும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும்.

கொட்டிய முடி ஒன்றை வெள்ளைத் தாளின் மேல் வைத்து நுனியைப் பாருங்கள். ஒரு முனையில் ஊசித் தலை அளவுக்கு வெள்ளையாக ஒரு குமிழ் இருக்கிறதா? இதைப் பார்த்துத்தான் பலர் "வேரோடு வருது" என்று கலங்குகிறார்கள். அது வேர் கிடையாது. ஓய்வு முடிந்து தானாக உதிரும் முடியின் அடிப்பக்கம் அது. முடி பிறக்கும் குழி தோலுக்குள்ளே பத்திரமாகவே இருக்கிறது.

குமிழே இல்லாமல், நீளம் குறைந்த துண்டு துண்டாகக் கிடந்தால் முடி உதிரவில்லை, நடுவில் ஒடிகிறது. ஸ்ட்ரெயிட்டனிங், அடிக்கடி கலரிங், ஈரத்தலையை இழுத்துச் சீவுவது, இவைதான் வழக்கமான காரணம். இதற்கு முடி வளரும் மருந்து எதையும் தடவிப் பயனில்லை. கண்டிஷனரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இன்னொரு சோதனை. கிட்டத்தட்ட 60 முடியை விரல்களுக்கு நடுவே பிடித்து, அடியிலிருந்து நுனி வரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஆறுக்கு மேல் கையோடு வந்தால் உதிர்வு இப்போது மும்முரமாக நடக்கிறது என்று பொருள். தலையின் நாலு பக்கமும் பார்க்க வேண்டும். தலைக்குக் குளித்த அன்றைக்குச் செய்தால் கணக்கு தப்பும்.

படி 2: எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் வகை, தலை முழுவதும் சீராகக் கொட்டுவது. டெங்கு, டைஃபாய்டு, கொரோனா போன்ற காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தது என்று உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி ஏதாவது வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து கூட்டமாகவே உதிரும். நடுவில் இந்த இடைவெளி இருப்பதால்தான் காய்ச்சலையும் முடியையும் யாரும் சேர்த்து யோசிப்பதில்லை.

குழந்தை தாயின் முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். காரணம் குழந்தையின் சிரிப்பில் இல்லை, ஆனால் காலக்கணக்கு அச்சாகச் சரி. குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பதும், பிரசவத்துக்குப் பின் முடி உதிரத் தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடக்கின்றன. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் பெரும்பாலோருக்குப் பழைய அடர்த்தி திரும்பிவிடும்.

என் அக்காவுக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இப்படிக் கொட்டியபோது, யாரோ சொன்னார்கள் என்று பேர் தெரியாத ஒரு மூலிகைத் தைலத்தை மாதா மாதம் வாங்கித் தேய்த்தாள். ஐந்தாவது மாதம் நெற்றியோரம் குட்டி குட்டியாக முடி முளைத்தது. தைலம் வேலை செய்கிறது என்று நம்பி இன்னும் மூன்று பாட்டில் வாங்கினாள். தானாக வரும் முடிக்குப் பாட்டில் பெயர் வாங்கிக்கொள்வது இப்படித்தான். சமூக ஊடகத்தில் வரும் முன்-பின் படங்களில் எத்தனை இந்த ரகமோ என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இந்த வகை ஆறு மாதத்துக்கு மேலும் நீடித்தால் உள்ளே ஏதோ குறை இருக்கலாம். இரத்தசோகை, ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்புச்சத்தின் அளவு), தைராய்டு, வைட்டமின் டி பரிசோதனைகளைச் செய்யச் சொல்வார்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல், முகத்தில் முடியும் பருவும் இருந்தால் சினைப்பை நீர்க்கட்டியையும் பார்க்க வேண்டும். இங்கே ஒரு சிறு எச்சரிக்கை: பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு முன் லேபில் சொல்லிவிடுங்கள். அது தைராய்டு முடிவுகளையும் மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் முடிவையும் தவறாகக் காட்டக்கூடும்.

இரண்டாவது, பரம்பரை வழுக்கை. ஆண்களுக்கு நெற்றியின் இரு ஓரமும் உள்வாங்கும், உச்சியில் வட்டமாகத் தெரியும். பெண்களுக்கு முன்வரிசை அப்படியே இருக்க, நடுவகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போகும். டிஹெச்டி என்ற ஹார்மோன் குழிகளைச் சுருக்குவதால் ஒவ்வொரு சுற்றிலும் முளைக்கும் முடி முன்னைவிட மெல்லியதாகிறது. கடையில் விற்கும் முடி மருந்துகளில் உண்மையாக வேலை செய்பவை பெரும்பாலும் இந்த ஒரு வகைக்காக ஏற்பட்டவை.

மூன்றாவது, புழுவெட்டு. காசு அளவுக்கு வழவழவென்று ஒரு வட்டம். பெயரில்தான் புழு, உண்மையில் நம் எதிர்ப்புச் சக்தியே முடிக்குழியைத் தாக்குவதால் வருகிறது. பலருக்குத் தானாகவே முளைத்துவிடும், முளைக்காதவர்களுக்குத் தோல் மருத்துவர் அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்.

கீழே சொல்பவை இருந்தால் எந்த பாட்டிலையும் தொடாமல் நேரே தோல் மருத்துவரிடம் போங்கள்: வலி, எரிச்சல், சீழ், முடி போன இடத்தில் தோல் பளபளவென்று துளையே இல்லாமல் தெரிவது (அது தழும்பு வழுக்கையாக இருக்கலாம், அங்கே போன முடி திரும்பாது, தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்), புருவமும் சேர்ந்து உதிர்வது, குழந்தைகள் தலையில் செதிலோடு திட்டு. இந்தக் கடைசி ஒன்று பெரும்பாலும் படர்தாமரை. தலையில் வந்த படர்தாமரைக்குக் களிம்பு மட்டும் போதாது, உள்ளுக்கு மாத்திரை வேண்டும். இறுக்கப் பின்னி, கனமாகப் பூ வைத்து நெற்றியோர முடி போகிற சிறுமிகளும் உண்டு. அவர்களுக்கு மருந்து, பின்னலைத் தளர்த்துவதுதான்.

படி 3: உங்களையும் உங்கள் வீட்டையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள்

இதை யாரும் கேட்பதில்லை. தலையில் தடவுவதுதானே என்று நினைக்கிறோம். தடவுவதில் ஒரு பங்கு தோல் வழியாக இரத்தத்துக்குள் போகிறது, இன்னொரு பங்கு தலையணைக்கும் துண்டுக்கும் மடியில் ஏறும் குழந்தையின் கைக்கும் போகிறது.

கர்ப்பமாக இருக்கிறவர்கள், கருத்தரிக்கத் திட்டமிடுகிறவர்கள், பால் கொடுக்கிற தாய்மார்கள், 18 வயது நிரம்பாதவர்கள், இவர்கள் மருத்துவர் சொல்லாமல் மினாக்ஸிடில், ஃபினாஸ்டரைடு (அடுத்த இரண்டு படிகளில் வரும் முடி மருந்துகள்) எதையும் தடவக் கூடாது. இதய நோய் உள்ளவர்களும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் முதலில் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தலையில் புண், சொரியாசிஸ், வெயிலில் வெந்த தோல் இருந்தால் மருந்து அளவுக்கு மீறி உள்ளே போகும். முதலில் அதை ஆற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா? மினாக்ஸிடில் பூனைக்கு விஷம். தலையணையில் பட்டதை நக்கினாலே உயிர் போகும் அளவுக்கு ஆபத்து, மாற்று மருந்தும் இல்லை. நாய்க்கும் கெடுதல்தான். கைக்குழந்தை இருக்கிற வீட்டிலும் இதே கவனம் வேண்டும். ஸ்பெயினில் மினாக்ஸிடில் தடவிய தந்தையோடு ஒட்டியிருந்த குழந்தைக்கு முதுகிலும் காலிலும் முடி அடர்ந்து வளர்ந்தது. தொடர்பை நிறுத்தியதும் சரியானது. அதே நாட்டில் 2019-இல், வயிற்று மருந்துக்குப் பதில் தவறுதலாக மினாக்ஸிடில் போய்விட, அதைக் குடித்த குழந்தைகளுக்கு உடம்பெங்கும் முடி முளைத்தது. நீங்கள் மருந்து தடவியிருக்கும்போது குழந்தையைத் தலையில் முகம் புதைக்க விடாதீர்கள், தலையணை உறையை அடிக்கடி துவையுங்கள்.

இந்த டிராப்பர் பாட்டிலைக் குழந்தையின் சொட்டு மருந்து இருக்கும் தட்டில் மட்டும் வைக்காதீர்கள். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் கை மாறிவிடும். குழந்தை விழுங்கிவிட்டால் இரத்த அழுத்தம் அபாயமாக இறங்கும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

படி 4: மினாக்ஸிடிலைப் புரிந்துகொண்டு வாங்குங்கள்

தலையில் தடவும் மருந்துகளில் இத்தனை ஆண்டுப் பரிசோதனையைத் தாண்டி நிற்பது இது ஒன்றுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

இது முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. 1970-களில் இதைச் சாப்பிட்டவர்களுக்குக் கையிலும் முகத்திலும் முடி வளர்ந்தது. அந்தப் பக்கவிளைவையே மருந்தாக்கி, 2% கரைசலுக்கு அமெரிக்காவில் 1988-இல் ஆண்களுக்கும் 1991-இல் பெண்களுக்கும் அனுமதி கொடுத்தார்கள். 5% கரைசல் 1997-இல் வந்தது. பரம்பரை வழுக்கையில் சுருங்கி வரும் குழிகளை இது கொஞ்சம் பெரிதாக்கி, முடி வளரும் காலத்தை நீட்டிக்கிறது. குழியே மூடிப்போன இடத்தில் இதனால் ஒன்றும் ஆகாது. பத்து வருடமாக மினுமினுக்கும் வழுக்கைக்கு இதை வாங்க வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எத்தனை சதவீதம்? ஆண்களுக்கு 5%. ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வில் 48 வாரத்தில் 2 சதவீதத்தைவிட 5 சதவீதத்தில் 45% அதிக முடி வளர்ந்தது. பெண்களுக்கு 2% கரைசல் தினம் இரு வேளை, அல்லது 5% நுரை தினம் ஒரு வேளை. 10%, 15% என்று இணையத்தில் விற்கிறார்களே என்றால், அமெரிக்காவில் அனுமதி பெற்றவை 2%, 5% இரண்டும்தான். அதற்கு மேலே போனால் எரிச்சலும் உள்ளே போகும் அளவும் கூடும் என்பதால் நான் எடுத்துக் கொடுப்பதில்லை.

கரைசலா, நுரையா? கரைசலில் மருந்து கரைய புரோப்பிலீன் கிளைக்கால் சேர்க்கிறார்கள். அரிப்பு, செதில், சிவப்புத் தடிப்பு என்று வருகிறவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது மினாக்ஸிடில் அல்ல, இந்தப் பொருள்தான். அவர்களுக்கு நுரை சரிப்படும், அதில் இது கிடையாது. விலை கூடுதல். உடம்புச் சூட்டிலேயே உருகும் என்பதால் நம் ஊர் வெயிலில் விரலில் எடுத்ததும் தண்ணீராகிவிடும். விரல்களைக் குளிர்ந்த நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு எடுங்கள்.

தடவும் முறையில்தான் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள். தலை காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் இருக்கக் கூடாது. வகிடு எடுத்து, 1 மி.லி. அளவை முடியின் மேல் படாமல் தோலில் படும்படி நாலைந்து இடத்தில் விட்டு, விரல் நுனியால் பரப்புங்கள். ஒரு வேளைக்கு 1 மி.லி.தான். தினம் இரு வேளை என்றால் 60 மி.லி. பாட்டில் சரியாக 30 நாள் வரும். பதினைந்து நாளில் தீர்ந்தால் அதிகமாகப் போடுகிறீர்கள், இரண்டு மாதம் வந்தால் குறைவாகப் போடுகிறீர்கள். முடித்ததும் கையை சோப்பால் கழுவுங்கள். நான்கு மணி நேரம் தலையில் தண்ணீர் படக் கூடாது. படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரமாவது முன்னால் தடவினால் தலையணை வழியாக முகத்தில் படாது. பெண்களுக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் முடி வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் அது போய்விடும். கரைசலில் ஆல்கஹால் உண்டு, தீப்பிடிக்கும். தடவிய ஈரத்தோடு சாமி விளக்கு ஏற்றவோ அடுப்படியில் நிற்கவோ வேண்டாம்.

எண்ணெய் வைப்பதை விட முடியாது என்கிறவர்கள், தலைக்குக் குளிக்கிற நாளில் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து அலசிவிட்டு, தலை காய்ந்தபின் மருந்து போடலாம்.

இனி காலக்கணக்கு. முதல் இரண்டு மூன்று வாரத்தில் முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டலாம். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது கிளம்பும் கட்டம் அது. பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வருகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் வருவார்கள். பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள் அடங்கிவிடும். பலன் கண்ணுக்குத் தெரிய நான்கு மாதமாவது ஆகும், முழுப் பலனுக்கு ஒரு வருடம். நிறுத்தினால் மூன்று நான்கு மாதத்தில் வளர்ந்தது உதிர்ந்து பழைய நிலைக்கு வரும். ஆகவே தொடங்கும் முன்பே, இதை வருடக்கணக்கில் வாங்க என் வருமானம் இடம் கொடுக்குமா, தினமும் தடவ எனக்குப் பொறுமை உண்டா என்று யோசியுங்கள். இல்லை என்றால் தொடங்காமல் இருப்பதும் நல்ல முடிவே.

படபடப்பு, தலைச்சுற்றல், நெஞ்சுவலி, கை கால் வீக்கம், காரணமில்லாமல் திடீரென எடை கூடுவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

படி 5: உறையில் இரண்டாவது பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்

"மினாக்ஸிடில் 5%" என்று பெரிதாகவும், அடியில் சிறிய எழுத்தில் "ஃபினாஸ்டரைடு 0.1%" என்றும் அச்சிட்ட பாட்டில்கள் நம் கடைகளில் உண்டு. நண்பன் போடுகிறான் என்று இதைக் கேட்டு வாங்குகிறவர்களுக்கு இரண்டும் வேறு வேறு மருந்து என்பதே தெரியாது. ஃபினாஸ்டரைடு ஹார்மோன் பாதையில் கை வைக்கும் மருந்து. கர்ப்பிணி தொட்டால்கூட வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தையின் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்பதால், கணவர் தடவினாலும் மனைவி அந்தப் பாட்டிலையும் தலையையும் தொடாமல் இருக்க வேண்டும்.

தடவும் ஃபினாஸ்டரைடுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்ததில்லை. தனியாகக் கலந்து விற்கப்பட்ட இத்தகைய கரைசல்கள் குறித்து 2019 முதல் 2024 வரை 32 புகார்கள் வந்ததாகச் சொல்லி 2025 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கையும் வெளியிட்டது. ஆண்மைக் குறைவு, மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் வரை அதில் உண்டு. நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகச் சிலர் சொன்னார்கள். தடவினால் உடம்புக்குள் போகாது என்று நினைத்து வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. சிலருக்கு இந்த மருந்து தேவைப்படலாம், பலனும் தரலாம். ஆனால் அதைத் தோல் மருத்துவர் எதிரே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். முன்பு மனச்சோர்வு இருந்திருந்தால் வெட்கப்படாமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு. புழுவெட்டு, சொரியாசிஸ் போன்றவற்றுக்கு மருத்துவர் கணக்காக எழுதுவார். பரம்பரை வழுக்கைக்கு இதனால் ஒரு பயனும் இல்லை, மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும்.

பொடுகு இருக்கிறவர்கள் முதலில் அதைச் சரி செய்யுங்கள். 2% கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இரு முறை, நுரையை ஐந்து நிமிடம் தலையில் விட்டு அலசினால் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும்.

படி 6: சீரம், எண்ணெய், கைவைத்தியம்

ரெடென்சில், புரோகேபில், கேபிக்ஸில் என்ற பெயர்களோடு வரும் சீரங்கள் மருந்துகள் அல்ல, அழகுசாதனப் பொருட்கள். இவற்றுக்குக் காட்டப்படும் ஆய்வுகள் சிறியவை, பெரும்பாலும் தயாரிப்பாளர்களே செய்தவை. பெரிய ஆபத்தில்லை, பெரிய எதிர்பார்ப்பும் வேண்டாம்.

ரோஸ்மேரி எண்ணெய்க்கு இன்று இருக்கும் புகழெல்லாம் 2015-இல் ஈரானில் 100 ஆண்களை வைத்துச் செய்த ஒரே ஆய்விலிருந்து வந்தது. ஆறு மாதத்தில் 2% மினாக்ஸிடிலுக்கு இணையாக இருந்தது என்பது முடிவு. இரு பக்கமும் வளர்ச்சி சொற்பம்தான், ஒப்பிட்டதும் 5 சதவீதத்தோடு அல்ல. ஆசைப்பட்டால் போடலாம், ஆனால் அந்தச் சாறு எண்ணெயை (எசென்ஷியல் ஆயில்) நேரடியாகத் தலையில் விடாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு நாலைந்து சொட்டு போதும்.

வெங்காயச் சாறுக்கும் ஓர் ஆய்வு உண்டு, 2002-இல் ஈராக்கில் நடந்தது. அது புழுவெட்டுக்கு. பரம்பரை வழுக்கைக்கு அதை எடுத்துக்காட்டுவது தவறு. பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டுவது வேண்டவே வேண்டாம், தோல் வெந்து கொப்புளமாகும். எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போனாலும் அப்படித்தான்.

குன்றிமணி எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குன்றிமணிப் பருப்பில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. சித்த மருத்துவத்தில் அதை முறையாகச் சுத்தி செய்து பயன்படுத்துவார்கள். வீடியோ பார்த்து வீட்டு மிக்ஸியில் அரைப்பது வேறு விஷயம். அதே ஜாரில் மறுநாள் சட்னி அரைக்கிறோம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த விதையே இருக்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்கு நல்லது. துவைக்கும்போது முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளிவந்த இந்திய ஆய்வு காட்டியது. ஒடிவது குறையும், வழுக்கையில் முளைக்காது. கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம் ஒத்துக்கொண்டால் தாராளமாகப் போடுங்கள். பொடுகு உள்ளவர்கள் மட்டும் எண்ணெயைத் தலையில் ஊறவிட வேண்டாம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு அந்தக் கொழுப்பே தீனி.

படி 7: லேபிளைத் திருப்பிப் படியுங்கள்

தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, உட்பொருட்களின் பட்டியல், தயாரிப்பாளர் முகவரி, இந்த ஐந்தில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். வாட்சாப்பில் ஆர்டர் எடுத்து, பழைய பாட்டிலில் ஊற்றி அனுப்பும் எண்ணெய்களில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல ஒருவரும் இல்லை. உறையில் இடது ஓரமாகச் சிவப்புக் கோடு ஓடினால் அது மருத்துவர் சீட்டுக்கு மட்டும் தர வேண்டிய மருந்து.

நம் நாட்டு மருந்து, அழகுசாதன விதிகளில் அட்டவணை ஜே என்று ஒன்று உண்டு. குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாத நோய்களின் பட்டியல் அது. அதில் வழுக்கையும் இருக்கிறது, புது முடி வளர்ப்பதும் இருக்கிறது, இளநரையும் இருக்கிறது. "வழுக்கையில் 100% முடி வளரும், உத்தரவாதம்" என்ற வரியைப் பார்த்ததும் அந்தப் பாட்டிலைக் கீழே வைத்துவிடலாம்.

படி 8: தொடங்கும் முன்னும் தொடங்கிய பின்னும்

முழங்கையின் உள்மடிப்பில் ஒரு சொட்டு தடவி 48 மணி நேரம் பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து தடவிப் பார்த்தால் இன்னும் நல்லது. சிவந்தால், அரித்தால், தலைக்கு வேண்டாம்.

ஒரு சமயத்தில் ஒரே புதுப் பொருள். மினாக்ஸிடில், சீரம், ரோஸ்மேரி மூன்றையும் சேர்த்துத் தொடங்கிவிட்டு அரிப்பு வந்தால் எதை நிறுத்துவது? பருவுக்குப் போடும் ட்ரெட்டினாயின் கிரீமோடு சேர்த்தால் மினாக்ஸிடில் அதிகமாக உள்ளே போகும். ஊசி உருளையை வீட்டிலேயே தலையில் உருட்டிவிட்டு அதே கையோடு மருந்து ஊற்றுகிறவர்களுக்கும் இதே ஆபத்து, கிருமித் தொற்று வேறு. அதை மருத்துவர் கையில் விட்டுவிடுங்கள்.

முதல் நாளே புகைப்படம் எடுங்கள். ஒரே இடம், ஒரே விளக்கு, ஒரே வகிடு, காய்ந்த தலை. உச்சிக்கு ஒன்று, நெற்றிக்கு ஒன்று, நடுவகிடுக்கு ஒன்று. மாதம் ஒரு முறை போதும். தினமும் கண்ணாடியைப் பார்த்தால் ஒன்றும் புரியாது, மனசுதான் கெடும். ஆறாவது மாதம் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பரம்பரை வழுக்கையில் மேலும் மோசமாகாமல் நின்றிருந்தாலே மருந்து வேலை செய்கிறது. ஒரு வருடமாகியும் குறைந்துகொண்டே போனால் அந்தப் படங்களையும், தடவியவற்றின் காலி பாட்டில்களையும், இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். "ஏதோ ஒரு எண்ணெய் போட்டேன் டாக்டர்" என்பதைவிட, அந்தக் காலி பாட்டில் அவருக்கு நிறையச் சொல்லும்.

அந்தக் கல்லூரிப் பையனுக்கு அன்று நான் சீரம் கொடுக்கவில்லை. ஃபெரிட்டினும் தைராய்டும் பார்த்துவிட்டு, முட்டையும் பயறும் கீரையும் ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லி, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன்.